ஜெபரட்ணம் பூட்டிய எஞ்சின்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கிராங்க் பின் குளிர் உறைபெட்டிக்குள் பாரை மீன் துண்டுகளோடு கிடந்தது. அதைப் பூட்டவேண்டிய வட்ட இரும்புச் சில்லுகள் இரண்டும் ஜெபரட்ணத்தின் மனைவி சீலாவின் கேக் அவணுக்குள் வெந்துகொண்டிருந்தன.

"என்னப்பா, நான் கல்யாணக் கேக் போடவேணும்," என்றாள் சீலா.

"பத்து நிமிசம். பின் சுருங்கோணும், சில்லு விரியோணும். அப்பதான் பொருந்தும்."

ஜெபரட்ணம் மானிப்பாயில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய 1956ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள், கிராங்க்சாஃப்ட் தேய்ந்து, எட்டு வருடமாகச் சாக்கு மூடிக் கிடந்தது. மகள் அபிகாயிலின் கல்யாணப் படப்பிடிப்புக்கு அது வேண்டுமென்று மாப்பிள்ளை றோகான் கொழும்பிலிருந்து கேட்டபோது, "குதிரை மாதிரி ஓடும், தம்பி," என்று சொல்லிவிட்டார். படப்பிடிப்பு சனிக்கிழமை. இன்று திங்கள்.

கிராங்க் பின் சில்லுகளுக்குள் இறங்கியது. ஆனால் கேக்கில் எஞ்சின் ஒயில் மணத்தது. மணத்தைப் போக்க அவர் அவணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அடுத்த கேக்கை நாய் மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

செவ்வாய்க்கிழமை, சில்லுகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பது தெரிந்தது. சுழற்றிப் பார்க்கத் தாங்கி வேண்டும். சீலாவின் சீதன மேசையில் நான்கு துளை போட்டுத் தாங்கி பூட்டினார். செப்புச் சுத்தியலால் இடப்பக்கம் ஓர் அடி. வலப்பக்கம் விலகியது. வலப்பக்கம் ஓர் அடி. இடப்பக்கம் விலகியது.

சீலா மேசையைப் பார்த்தாள். அன்று அவருடைய சாப்பாட்டை அந்தத் துளைகளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பக்கத்து வீட்டுத் தியாகராசா வெள்ளைச் சட்டையோடு கேற்றடியில் வந்து நின்றார்.

"மாஸ்ரர், நேற்றையிலையிருந்து சாவு மணி அடிச்சுக்கொண்டே இருக்கு. ஆர் செத்தது?"

"ஒருத்தருமில்லை. அது கிராங்க்."

"எங்கத்தை ஆள்?"

விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போயிற்று. அதற்குள் ஒழுங்கையில் மூன்று பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். ஒருவர் மலர்வளையமும் கொண்டுவந்திருந்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் சில்லுகள் ஆடாமல் சுழன்றன. வெள்ளிக்கிழமை எஞ்சினைப் பூட்டி உதைத்தார். பத்தொன்பதாவது உதையில் முழங்கால் பிடித்துக்கொண்டது. இருபதாவதில் எஞ்சின் பிடித்தது.

சீலா குசினி வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஓம், ஓடுதுதான்," என்றாள்.

நான்கு நாளுக்குப் பிறகு அவளுடைய முகத்தில் சிரிப்பைக் கண்டதும் ஜெபரட்ணத்துக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை கமராக்காரன் டிலக்ஷன் வானில் வந்தான். ஜெபரட்ணம் எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றார். டிலக்ஷன் மூன்று தரம் சுற்றிவந்து பார்த்தான். காதைப் பொத்திக்கொண்டு, நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினான். அவர் நிறுத்தினார்.

"சோக்கான சாமான், மாஸ்ரர். அரியாலைக் கடலிலை ஒரு வள்ளத்துக்கை இதை ஏத்தி, ரெண்டு பேரையும் மேலை இருத்தி எடுக்கப்போறம். வள்ளம் சின்னன், பாரம் தாங்காது, அந்த எஞ்சினை மட்டும் ஒருக்காக் கழட்டித் தாங்கோ."