பின் ஆக்ஸில் லாக்கர் விஷயமாக

மாண்ட்ரோஸ், கொலராடோ
திங்கட்கிழமை

மதிப்பும் பிரியமும் மிக்க மைத்துனர் டெல்மர் அவர்களுக்கு,

வெர்லின் எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். வயோமிங்கில் நீங்களும், உங்கள் மனைவி ஓபலும், தீவனக் கடையும் சௌக்கியமாக இருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். மேவிஸின் சௌக்கியத்தை நான் விசாரிக்கவில்லை. என்னிடமிருந்து முந்நூறு மைல் தள்ளி இருப்பதால் அவள் நன்றாகத்தான் இருப்பாள். வீட்டுக்கு எழுதாமல் கடை விலாசத்துக்கு எழுதுவதும் அதனால்தான். உங்கள் வீட்டில் தபாலை எடுப்பதும் போனை எடுப்பதும் இப்போது மேவிஸ்தான் என்று ஓபல் சொன்னாள்.

உங்கள் தங்கை பெட்டியோடு வந்து நின்றதற்கான காரணத்தை அவள் ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி நான் சொல்லிவிடுகிறேன். நியாயத்தை நீங்களே தீர்மானியுங்கள். அந்த ஜீப்பை எங்கள் தலையில் கட்டியவர் என்ற முறையில் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

போன ஆகஸ்டில் எங்கள் ஜீப் கிளப்போடு மலைக்குப் போனோம். ஊரே பேரைக் கேட்டால் பயப்படும் கழுதைப் படி என்ற இடத்தில், இடுப்பளவு உயரப் பாறை ஒன்று பாதையை மறித்துக் கிடக்கும். அதில் பாதி ஏறியதும் எங்கள் வண்டியின் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஆகாயத்தில் தொங்கின. பழைய வண்டியின் டிஃபரன்ஷியல் குணம் உங்களுக்குத் தெரியும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அதைத்தான் சுற்றிவிடும். தரையில் ஊன்றி நிற்கிற சக்கரம் சும்மா நிற்க, தொங்குகிற சக்கரம் ராட்டினமாகச் சுற்றியது. பின்னால் பன்னிரண்டு வண்டிகள் காத்திருந்தன. கடைசியில் கிளப் தலைவி ஃபெர்ன், எண்பது வயசு, தன் வண்டியின் வின்ச் கம்பியை மாட்டி எங்களை இழுத்து மேலே போட்டாள். போட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏன் வெர்லின், நாலு சக்கரமும் வேலை செய்யற வண்டின்னு சொன்னியே, ரெண்டு லீவுல போயிருக்கா?" என்று கேட்டாள். வீட்டு வாசலில் இறங்கியதும் மேவிஸ், "லாக்கர் போட்டாகணும்" என்றாள். நானும் சரி என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் ஒத்துப்போன கடைசி விஷயம் அதுதான்.

லாக்கர் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், அது வரைக்கும் தகராறு இல்லை. எந்த லாக்கர் என்பதில்தான் வந்தது வினை. தானாகவே பூட்டிக்கொண்டு, வளைவில் மட்டும் தானாகவே விட்டுக்கொடுக்கும் ஆட்டோமேட்டிக் லாக்கர் ஒரு வகை. அதுதான் எனக்குப் பிடித்தது. சுவிட்சைத் தட்டினால் காற்றழுத்தத்தில் பூட்டும், தட்டாவிட்டால் சாதுவாகக் கிடக்கும் ஏர் லாக்கர் இன்னொரு வகை. மேவிஸ் அதில்தான் நின்றாள்.

"பூட்டறதும் திறக்கறதும் என் கையில இருக்கணும், வெர்லின். அதுவா நெனச்சா பூட்டிக்கும்னா அதுக்கு நான் எதுக்கு ஸ்டீரிங் பிடிக்கணும்?"

"சுவிட்ச் வேணும், குழாய் வேணும், கம்ப்ரஸர் வேணும். காட்டு நடுவுல அதுல ஒண்ணு புட்டுக்கிட்டா என்ன பண்ணுவே?"

"நீ அவ்வளவு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினியே, அதுல கதவு காத்துலதானே திறந்துது? ஒரு நாளாவது குழந்தைங்க உள்ள மாட்டிக்கிட்டாங்களா?"

"ஒரே ஒரு தடவை" என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு என் பக்கம் வரவே இல்லை.

பக்கத்து வீட்டு பிக்ஸ்பியைக் கேட்டோம். அவரிடமும் அதே வருடத்து ஜீப் இருக்கிறது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எந்த லாக்கர்னு அப்புறம் சண்டை போடுங்க. பூட்டினா மொத்த பலமும் ஒரே ஷாஃப்டுல இறங்கும், உங்க பழைய ஷாஃப்ட் குச்சி மாதிரி ஒடியும். மொதல்ல அதை மாத்துங்க" என்றார். சரியான பேச்சு. மாற்றினோம். அந்த ஒரு வாரம் வீட்டில் அமைதி இருந்தது. பிறகு பிக்ஸ்பி சும்மா இராமல், "ரெண்டும் வேணாம், உள்ள இருக்கிற கியர் பல்லையெல்லாம் வெல்டு வெச்சு ஒட்டிடுங்க, ஜென்மத்துக்கும் பூட்டு" என்று சொல்லப்போக, மேவிஸ் அவரைப் பார்த்த பார்வையில் அவர் காப்பியை முடிக்காமலே எழுந்து போனார்.

இப்படியே செப்டம்பரும் போயிற்று. ஒரு நாள் காலையில் நான் மறுபடி பேச்சை எடுத்தபோது மேவிஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "உன் இஷ்டம்" என்றாள். மச்சான், நீங்களே சொல்லுங்கள். ஒரு மனுஷி தெளிவான குரலில் உன் இஷ்டம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நான் ஆட்டோமேட்டிக் லாக்கருக்கு ஆர்டர் கொடுத்தேன். பெட்டி வந்து இறங்கிய நாளில்தான், உன் இஷ்டம் என்றால் என் இஷ்டம் இல்லை என்பது எனக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டது. பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் நான் பின் ஆக்ஸிலைப் பிரித்து எண்ணெயை வடித்துவிட்டேன். மாட்டினேன்.

மாட்டிய பிறகு வால்டோ செத்துப்போனார். எங்கள் கிளப் பொருளாளர், நல்ல மனிதர். கிளப் வண்டிகள் எல்லாம் சவ ஊர்வலத்தில் மெதுவாகப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. இந்த லாக்கருக்கு ஒரு பழக்கம் உண்டு. நேராகப் போகும்போது பரம சாது. திருப்பத்தில் டிக் டிக் என்று பல் கடிக்கும். அதிலேயே கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டமார் என்று ஒரு சத்தம் போட்டுப் பூட்டிக்கொள்ளும். கல்லறைத் தோட்ட வாசலில் கூர்மையான திருப்பம். வால்டோ ராணுவத்தில் இருந்தவர் ஆகையால் உள்ளே மூன்று வெடி போடும் துப்பாக்கி மரியாதைக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் திரும்பினேன். டமார். பயந்துபோய்க் காலை எடுத்து மறுபடி வைத்தேன். டமார். மேவிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "மிதிக்காதே, மிதிக்காதே" என்று பல்லைக் கடித்தாள். அவள் சொன்ன வேகத்தில் மறுபடி மிதித்துவிட்டேன். டமார். சரியாக மூன்று. வெடி முடிந்ததும் பியூகிள் ஊத வந்திருந்த கிழவருக்குக் காது மந்தம். மூன்று வெடியும் முடிந்துவிட்டது என்று நினைத்து, வாத்தியத்தை உதட்டில் வைத்து உருக்கமாக ஊத ஆரம்பித்துவிட்டார். வால்டோ இன்னும் வண்டியை விட்டே இறங்கவில்லை. அவர் ஊதி முடிக்கும் வரை நூறு பேர் தெருவில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றோம். வால்டோவின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் ஜீப்பையே பார்த்தாள். சாப்பாட்டுக்கு நில்லுங்கள் என்று எங்களை யாரும் சொல்லவில்லை.

அதையாவது மேவிஸ் மன்னித்திருப்பாள். அடுத்த வாரம் முதல் பனி விழுந்தது. சர்ச் விருந்துக்குப் பச்சை மிளகாயும் சீஸும் போட்டுச் சுட்ட கோழித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளே ஜீப்பை ஓட்டிப் போனாள். சர்ச் முன்னால் ரோடு ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். சாதாரண வண்டியாக இருந்தால் ஒரு சக்கரம் வழுக்கும், இன்னொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பூட்டின வண்டியில் இரண்டும் ஒற்றுமையாக வழுக்கும். எங்கள் ஜீப்பின் பின்பக்கம் மிக நிதானமாக, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் நகர்ந்து போய் சர்ச்சின் அறிவிப்புப் பலகைமேல் சாய்ந்து நின்றதாம். அந்த வாரப் பிரசங்கத்தின் தலைப்பு 'திரும்பி வா' என்று அதில் எழுதியிருந்தது. பலகைக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோழி முழுவதும் மேவிஸின் கோட்டில்.

வீட்டுக்குத் திரும்பி, கோட்டைக் கழற்றி ஜீப்பிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். பெட்டியில் துணியை அடுக்கினாள். "அந்த லாக்கர் இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். உன் இஷ்டம்" என்றாள். இந்தத் தடவை அதற்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்து முடிப்பதற்குள் அவளுடைய கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன், மச்சான். ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி பிக்ஸ்பிக்குக் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளை பெற்றவர் போலத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். ஏர் லாக்கரை வரவழைத்தேன். மாட்டும்போது உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் நசுங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சுவிட்சைத் தட்டினேன், கம்ப்ரஸர் ஓடியது, பூட்டியது, நான் கைதட்டினேன், சுவிட்சை அணைத்தேன். பூட்டு விடும்போது காற்று திரும்பி வரும் அல்லவா, அந்தக் காற்றோடு கியர் ஆயிலும் குழாய் வழியே ஏறி வந்து, பக்கத்து சீட்டுக்கு அடியில் பீய்ச்சியது. அங்கேதான் மேவிஸின் கோட்டு கிடந்தது. கியர் ஆயிலின் வாசனை தீவன வியாபாரம் செய்கிற உங்களையே ஓட வைக்கும். அழுகிய முட்டையைப் பூனையோடு சேர்த்து ஊறப்போட்ட மாதிரி. அவள் வருவதற்குள் சுத்தம் பண்ணிவிடலாம் என்று கோட்டை வாஷிங் மெஷினில் போட்டேன். கோட்டிலிருந்து வாசனை போகவில்லை, மெஷினுக்கும் வந்தது. அதில் துவைத்த படுக்கை விரிப்புக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு வந்தது. சர்ச்சில் என் வரிசையில் நான் ஒருவனே உட்கார்ந்தேன். பாஸ்டர் கை குலுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, "மேவிஸ் எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். நாய் இப்போது கராஜில் படுக்கிறது. கராஜில் வாசனை குறைவு.

மறுபடி பிரித்து, வளையத்தை மாற்றி, மாட்டினேன். இப்போது ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. நேற்று கீழ்ப்பாதையில் ஓர் ஓடையருகே சோதித்தேன். கரையில் மூன்று சக்கரம் திணறியது, சுவிட்சைத் தட்டினேன், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. ஊருக்குள் டமார் இல்லை. பனியில் பக்கவாட்டு நடை இல்லை. மேவிஸ் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. இதை முழு நினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன். வேண்டுமானால் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். தீவனக் கடை வாசலில் ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபமில்லை. எப்படியாவது சமாதானம் சொல்லி உடனே அனுப்பிவையுங்கள். டின்னில் அடைத்த பீன்ஸை மனிதன் எத்தனை நாள்தான் தின்பது, அது போகட்டும், இரவு ஏழு மணிக்கு யாரோடு சண்டை போடுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் குடும்பமும் கடையும் தழைக்கட்டும். ஓபலுக்கு என் அன்பு. மலைப்பாதைகளில் உங்கள் டயர்கள் பஞ்சராகாமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் பிரிய மைத்துனன்,
வெர்லின்

பின்குறிப்பு: உறையில் போட்டு நாக்கால் தடவும் நேரத்தில் போன் அடித்தது. மேவிஸ்.

"வெர்லின், ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நீ சொன்னது சரி."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "என்ன சொன்னே?"

"உனக்கு நல்லாவே காது கேட்கும். இங்க பத்து நாளா அண்ணனோட பிக்கப்பைத்தான் ஓட்டறேன். அதுல ஆட்டோமேட்டிக் லாக்கர் இருக்குன்னு நேத்துதான் சொன்னார். ஆரம்பத்துல வழுக்குச்சு. அப்புறம் மெதுவா மிதிக்கப் பழகிக்கிட்டேன். இப்ப வைக்கோலை ஏத்திக்கிட்டு பனியில மேட்டுல ஏறறேன், ஒரு சுவிட்சைத் தேடறதில்ல, ஒண்ணும் யோசிக்கறதில்ல. சத்தம் போடுதுதான். ஆனா சத்தம் போட்டுக்கிட்டே வேலையும் செய்யுது. அப்படி ஒண்ணை நான் நம்ம வீட்டுல பார்த்ததே இல்ல. வெள்ளிக்கிழமை கிளம்பறேன். நீ பாட்டுக்குக் கோவத்துல நம்ம லாக்கரைக் கழட்டி வெக்காதே. பத்திரமா இருக்கில்ல?"

"உள்ளேதான் இருக்கு" என்றேன். எந்த வண்டிக்கு உள்ளே என்று அவள் கேட்கவில்லை.

உடனே பிக்ஸ்பி வீட்டுக்கு ஓடினேன். அவர் அதைத் தன் ஜீப்பில் மாட்டி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தெருமுனையிலும் டமார் என்று கேட்கிறது. தெருமுனையில் மறித்து, கெஞ்சிக் கூத்தாடித் திருப்பித்தர ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். பதிலுக்கு என் ஏர் லாக்கரை அவருக்கு நானே மாட்டித்தர வேண்டும். ஆக இரண்டு ஆக்ஸிலைப் பிரித்து மாட்டவேண்டும், ஒரு கோட்டை வெளியூருக்குச் சலவைக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாஷிங் மெஷினுக்கு வழி பண்ண வேண்டும்.

ஆகையால், மச்சான், மேலே எழுதியதை வாசித்ததும் அடுப்பில் போடுங்கள். கடை வாசலில் ஒட்ட வேண்டாம். மேவிஸை அனுப்பாதீர்கள். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளுங்கள், ஓபலையும் படுக்கச் சொல்லுங்கள், கார் சாவியைத் தீவன மூட்டைக்குள் போடுங்கள், என்னவோ செய்து அடுத்த வெள்ளி வரை அவளை நிறுத்தி வையுங்கள். கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கிறது. அதை உண்மையாக்க எனக்கு ஒரு வாரம் வேண்டும்.