பூனை சாட்சி சொன்ன காதுகுத்து

எங்கள் சுற்றத்தில் என்னைப் பற்றி இரண்டு செய்திகள் தெரியாதவர் கிடையாது. ஒன்று, காலேஜில் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவன். இரண்டு, மீன் தின்றவன். முதலாவது உண்மை. இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன். (முதலாவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கணக்கு வரவில்லை, அவ்வளவுதான்.)

முதல் ஜெர்மன் சண்டை தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்த காலம். எனக்கு இருபது வயது. எங்கள் வீடு பாளையங்கோட்டையில். ஆற்றுப் பாலம் தாண்டித் திருநெல்வேலி டவுனில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் பெரிய சைவர். மீன்கூடைக்காரி எதிரே வந்தால் அடுத்த தெருவுக்குள் திரும்பி, ஊரைச் சுற்றி வீடு சேர்வார். அவர் வீடு நீளமானது, இருட்டானது. பெண்கள் வாசல் தாண்டுவதில்லை. வெயில் முகத்தில் பட்டால் குடும்பத்துக்கே குறைச்சல். அவர்களுடைய ஒரே மகள் கோமதி பிறந்ததிலிருந்து வீட்டின் நடுக்கட்டுக்குள்ளேயே வளர்ந்தாள்.

"எம் புள்ளை இன்னும் வெயிலைப் பாத்ததே இல்ல, பாரும் வே!" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தான் அவள் கையைத் தூக்கிக் காட்டுவார். தாழம்பூ நிறம். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னவோ நானே அவளை நிழலில் உலர்த்தி எடுத்த மாதிரி பெருமையாகச் சிரிப்பேன். மடப்பயல்.

இரண்டரை வயதாகியும் கோமதி நிற்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளையும்; வீறிட்டு அழுவாள். மணிக்கட்டு புடைத்திருந்தது. நெற்றி முன்னால் தள்ளியிருந்தது. மாதம் தவறாமல் நெஞ்சுச்சளி. கணைச்சூடு என்றார்கள், தோஷம் என்றார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கழுத்தில் கயிறு கூடியதே தவிர காலில் பலம் கூடவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் என்னிடம், "ஏலே, எம் புள்ளை நடக்காமலே போயிருமோ?" என்று கேட்டாள். அவள் அழவில்லை.

மறுநாளே வில்வண்டியில் படுதா போட்டு, இருவரையும் எங்கள் ஊர் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். மெட்ராஸில் படித்துவிட்டு வந்த கிறிஸ்தவப் பெண்மணி. பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்தவர் நிமிர்ந்து, "இதை எங்கன வச்சு வளக்கிய?" என்றார்.

"வீட்டுக்குள்ளதான்," என்றாள் அக்கா.

"வீட்டுக்குள்ளன்னா? பெட்டியில போட்டுப் பூட்டியா? தினமும் காலை வெயில்ல கெடத்துங்க. சீமையிலேருந்து மீன் எண்ணெய் வருது, அதையும் குடுங்க. ஒருநாள்கூட விடக்கூடாது."

"அம்மா, நாங்க சைவம்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"நீங்க சைவமாவே இருங்க தம்பி. எண்ணெய் புள்ளைக்குத்தான்."

(இன்றைக்கு இதற்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு டாக்டரம்மாவுக்கே அந்தப் பெயர் தெரியாது. வெயிலும் எண்ணெயும் எலும்புக்கு நல்லது என்பது தெரியும், அது போதாதா? ஆற்றங்கரை வயலில் நாற்று நடுகிறவளின் பிள்ளை வரப்பில் நிமிர்ந்து ஓடுகிறது. நெல்லுக்கும் பாலுக்கும் குறைவில்லாத வீட்டுப் பிள்ளையால் நிற்க முடியவில்லை. மண்ணைப் பிளக்கிற வெயில் அடிக்கும் ஊரில், அந்த வெயில் கிடைக்காமல் ஒரு குழந்தை முடங்கிக் கிடந்தது.)

மீன் எண்ணெய் என்று தெரிந்தால் அத்தான் பாட்டிலோடு அக்காவையும் வெளியே வைத்துவிடுவார். ஆகவே ரகசியம். இங்கிலீஷ் மருந்துக் கடையில் பாட்டிலை வாங்கி, குடைக்குள் செருகி நான் டவுனுக்குக் கொண்டுபோவேன். அக்கா அதைத் தொழுவத்தில் வைக்கோலுக்குள் ஒளித்து வைப்பாள். அத்தான் தேவாரம் முடித்து எழுவதற்குள், தொழுவத்துப் பக்கம் சாக்கை விரித்து, பிள்ளைக்கு எண்ணெயைப் புகட்டி வெயிலில் கிடத்துவாள். நாற்றம்? அத்தான் ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவர். அந்த மூக்கில் ஒன்றும் ஏறாது என்று நம்பினோம். மோப்பம் பிடித்தது ஒரே ஒரு சாம்பல் பூனை. அது தினமும் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். நாலாம் மாதம் கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே தாய்மாமன் நான். வீடு நிறைய உறவு. அக்காவால் அடுப்படியை விட்டு அசைய முடியவில்லை. ஒருநாள்கூட விடக்கூடாது என்றாரே டாக்டரம்மா! நானே பிள்ளையைத் தொழுவத்துக்குத் தூக்கிப் போனேன். எண்ணெயைப் புகட்டினேன். பிள்ளை காலை உதறியது. பாட்டிலில் பாதி என் பட்டுக்கரை வேட்டியில்.

மாற்று வேட்டி கிடையாது. புத்திசாலி என்ன செய்வான் தெரியாது; நான் அத்தர் பூசினேன். காயல்பட்டினத்து வியாபாரியிடம் ஆசையாக வாங்கி மடியில் வைத்திருந்த மல்லிகை அத்தர், ஒரு குப்பி முழுக்க. மீனும் மல்லிகையும் கலந்தால் என்ன வாசனை வரும் என்று என்னைத்தான் கேட்க வேண்டும்.

மணையில் உட்கார்ந்தேன். ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை அலறியது. கூடத்தில் அலறல் அடங்கியது. எல்லோர் மூக்கும் வேலை செய்கிறது. ஆனால் அந்த வீட்டில் நின்றுகொண்டு 'மீன்' என்று யார் சொல்வது? ஒருவர் மெல்ல, "அண்ணாச்சி, எங்கனயோ எலி செத்துக் கெடக்கும் போல," என்றார். அப்போது வந்தது சாம்பல் பூனை. கூட்டத்துக்கு நடுவே பைய நடந்து வந்து, என் வேட்டியை முகர்ந்து, நக்கத் தொடங்கியது. கோமதி அழுகையை நிறுத்தி, தினமும் பார்க்கும் சிநேகிதனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏலே, என்னலே இது?" என்றார் அத்தான்.

அடுப்படி வாசலில் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சுவரைப் பிடித்து நின்ற அந்தக் கால்கள் என் கண்ணுக்குள் வந்தன. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நான்தான் அத்தான்… மீன் தின்னுட்டு வந்தேன்."

"எப்பலே?"

"காலையில."

(காலையில் யாராவது மீன் தின்பார்களா? பொய் சொல்லவும் கொஞ்சம் படிப்பு வேண்டும், நான் எஃப்.ஏ. தோற்றவன்.)

கை கொடுத்தவர் கூட்டத்தில் மூத்த பெரியவர் ஒருவர். "ஏன், பழைய சோத்துக்கு மீன் கொழம்பு நல்லாத்தானே இருக்கும்," என்றார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "கேள்விப்பட்டிருக்கேன்," என்று அவர் அவசரமாக விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

இன்னொரு காது பாக்கி. மடியை மாற்ற முடியாது. அத்தனை சைவர்களும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, ஆசாரி மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டாவது காதைக் குத்தினார். முடிந்ததும் அத்தான் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். தெருவே கேட்கும்படி, "இனி இந்த வாசல்ல கால் வச்ச, முறிச்சிருவேன்!" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாட்டில்ல மிச்சம் இருக்கா?" என்றார்.

"எந்தப் பாட்டில் அத்தான்?" என்றேன்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சியளோ? நாலு மாசமா பொடியை ரெட்டிப்பா எதுக்குலே போடுதேன்? அவ செவத்தைப் பிடிச்சு நின்னதை நானும் சன்னல் வழியாப் பாத்தேன்." அவர் குரல் உடைந்தது. "நாளைக்கே புதுசு வாங்கிட்டு வா. தொழுவத்து வழியா வா." உடனே மறுபடி உச்சத்தில், "போலே வெளியே!"

கோமதி அடுத்து வந்த தை மாதம் நடந்தாள். கால் முழுக்க நேராகவில்லை. சளியும் பல வருஷம் விடவில்லை. ஆனால் நடந்தாள். எனக்குத்தான் பெண் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் தென்காசிப் பக்கம், செய்தி எட்டாத ஒரு வீட்டில் பெண் கிடைத்தது. செய்தி தாலி கட்டிய மறுநாள் வந்து சேர்ந்தது.

அத்தான் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அக்காவும் அப்படியே போய்ச் சேர்ந்தாள். நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? கோமதிக்கு இப்போது பேரன் இருக்கிறான். அப்பாவை மிஞ்சிய சைவம் அவள். மீன்கூடைக்காரியைக் கண்டால் அவளும் தெரு மாறுகிறாள். போன மாதம் பேரனுக்குக் காதுகுத்து. முன் பந்தியில் உட்காரப் போனேன்.

"மாமா, நீங்க அந்தக் கடைசி எலைக்குப் போங்க. இங்கன உக்காந்தா பூனை வந்துரும்," என்றாள். பந்தியே சிரித்தது. பாட்டில் பாட்டிலாக மீன் எண்ணெய் குடித்த அந்த மகராசி, தேங்காய்ப்பால் சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு விறுவிறுவென்று நடந்து போனாள்.

இதுவரை மீனைத் தொட்டறியாத நான், கடைசி இலையில் உட்கார்ந்து அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.