உஷ் சாரும் சிக்னல் இல்லாத ஊரும்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த மலையை ஓர் இடைஞ்சலாகப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் உஷ் சார்தான். மேற்கு வானத்தில் பெரிய துண்டை அது மறைக்கிறது என்று அவருக்கு மனத்தாங்கல். ஆனால் மரியாதை தெரிந்தவர். முதலில் கும்பிடுவார், பிறகுதான் குறை சொல்வார்.

உஷ் சார் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். நான் அதே துறையில் கௌரவ விரிவுரையாளர். அவருடைய ஆராய்ச்சி ரேடியோ வானியல். நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்கிற வேலை இல்லை அது. வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலைகளை ஆன்டெனா வைத்துப் பிடிக்கிற வேலை. பட்டப்பகலிலும் செய்யலாம். ஒரே சிக்கல், அந்த அலைகள் மகா நோஞ்சான். பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தால் போதும், கல்யாண மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுகிற கதையாகிவிடும். அதனால் எதிரே யார் வந்தாலும், "உஷ், போனை ஆஃப் பண்ணுங்க" என்பார். வணக்கம் சொன்னவர்களுக்கும் அதுதான் பதில் வணக்கம். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

தன்னுடைய போனை அவர் வெள்ளிக் காகிதத்தில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி வைத்திருப்பார். சாப்பாட்டு டப்பாவும் அதே மாதிரி. ஒரு நாள் இரண்டும் மாறிப்போய், எலுமிச்சை சாதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, போனோடு வந்து எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தொட்டுக்கொள்ள என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார்.

துறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் அவருடைய ஆன்டெனா இருந்தது. இரும்புக் கம்பியை வளைத்து, கோழிக்கூண்டு வலையைப் போர்த்தி, மாணவர்களோடு சேர்ந்து அவரே செய்த பெரிய கிண்ணம். பால்வீதியில் இருக்கிற ஹைட்ரஜன் வாயு ஒரு குறிப்பிட்ட அலையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். அதைப் பிடித்துவிட்டால் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிற கோட்டில் சின்னதாக ஒரு மேடு தெரியும். அந்த மேட்டுக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

மேடு வரவில்லை. வேறு ஒன்று வந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் திரையில் முள் முள்ளாக ஒரு சிக்னல். மாணவர்கள் வேற்றுக்கிரகத்து ஆள் கூப்பிடுகிறான் என்று முடிவு கட்டி, பதில் அனுப்புவது தமிழிலா ஆங்கிலத்திலா என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். உஷ் சார் மட்டும் கையில் ஒரு சின்ன ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, மோப்பம் பிடிக்கிற மாதிரி வளாகம் முழுக்க நடந்தார். கடைசியில் அது அவரை மெயின் கேட்டுக்கு அழைத்துப் போனது. அங்கே வாட்ச்மேன் கொசு பேட்டால் பட் பட்டென்று கொசு அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொசுவின் மரணமும் எங்கள் திரையில் பதிவாகியிருந்தது.

பேட்டைப் பிடுங்கிக்கொண்டால் பாவம் அவர் என்ன செய்வார் என்று யோசித்து, உஷ் சார் தன் செலவில் ஒரு வெள்ளைக் கொசுவலை வாங்கிக் கொடுத்தார். வாட்ச்மேன் தினமும் வலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நம் ஊரில் வெள்ளைத் துணிக்குள் தாடியோடு ஒருவர் அசையாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வார முடிவிலேயே வலைக்கு முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் பழத்தை எங்களுக்கும் பங்கு போட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பதிவாளர் அந்தச் செய்தியைச் சொன்னார். மொட்டை மாடியை ஒரு செல்போன் கம்பெனி டவர் வைக்கக் கேட்கிறதாம். உஷ் சாரின் முகத்தில் அன்று நான் பார்த்த கலவரத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கிற குறைதீர் கூட்டத்துக்குப் போய் டவர் வேண்டாம் என்று மனு கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமையும் போனார். அங்கே இருந்த குமாஸ்தா, கட்டடம் பல்கலைக்கழகத்துடையது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் பதிவாளரே இரங்கி ஒரு வழி சொன்னார். உங்கள் ஆராய்ச்சி பொதுமக்களுக்குப் பயன்படுகிறது என்று காட்டுங்கள், நானே நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

பொதுமக்கள் எங்கே கிடைப்பார்கள்? பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் கிடைப்பார்கள். அடி அண்ணாமலையில் ஒரு கடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, வெயில் தாழ்வதற்குள் ஒரு சின்ன ஆன்டெனாவையும் ஹெட்போனையும் வைத்து, 'பால்வீதியைக் கேளுங்கள்' என்று பேனர் கட்டினோம். பேனரை யாரும் படிக்கவில்லை. மேஜையைப் பார்த்தார்கள், பின்னால் நாங்கள் நிற்பதைப் பார்த்தார்கள், அன்னதானம் என்று முடிவு செய்து தொன்னையோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். வரிசை வளைந்து வளைந்து அடுத்த கடையைத் தாண்டிப் போனது.

முதலில் வந்த அம்மா, சாம்பார் சாதமா, பொங்கலா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உஷ் சார் அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, குக்கர் விசில் வர்றதுக்கு முந்தி இப்படித்தான் சத்தம் வரும், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்றார். அடுத்தவர் மழை பெய்கிறது என்றார். வாட்ச்மேனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதே வெள்ளைக்காரரும் வந்து கேட்டார். கண்ணில் நீர் வழிய, ஆதி ஓசை, ஆதி ஓசை என்றார். அதோடு விட்டிருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம். உஷ் சார் அவர் தோளைத் தட்டி, உணர்ச்சிவசப்படாதீர்கள், இதில் ஜாஸ்தி எங்கள் மிஷினோட இரைச்சல்தான், பால்வீதி ரொம்ப கம்மி என்று விளக்கினார். பொய் சொல்ல அவருக்கு வராது. யாரும் கேட்காமலே தன் கடைக் கடலை நன்றாக இல்லை என்று சொல்லும் கடைக்காரரை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

பதிவாளர் வந்து சேர்ந்தபோது தொன்னைக்காரர்கள் அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். வெகுநேரம் நின்று, வியர்த்து, அவரும் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கழற்றி வைத்தார். இதற்காகவா ஒரு மொட்டை மாடி என்று மட்டும் கேட்டுவிட்டு, மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

உஷ் சார் மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது வரிசையில் மிச்சமிருந்த ஒருவர் கிட்டே வந்தார். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் வேர்க்கடலை பயிர் வைக்கிறவர், பெயர் ஏழுமலை.

"சார், இதை எங்க நெலத்துல வச்சா போன் சிக்னல் வருங்களா? அங்க சுத்தமா கிடையாது" என்றார்.

உஷ் சார் மெதுவாக நிமிர்ந்தார். "சுத்தமா கிடையாதா?"

"கரட்டுமலை மறைக்குதுங்க. புளியமரத்து மேல ஏறுனா ஒரு கோடு வரும், போவும்."

"மரத்துல ஏறலன்னா?"

"ஒன்னும் வராதுங்க."

உஷ் சார் அவர் கையைத் தொன்னையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சிக்னல் இல்லை என்று கேட்டு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை ஏழுமலை அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த வாரமே பெரிய ஆன்டெனாவைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் புறப்பட்டோம். வழியில் டீ குடிக்க நிறுத்தினால், இவ்வளவு பெரிய வாணலி எந்தக் கல்யாணத்துக்கு என்று விசாரித்தார்கள். அது ஓட்டையாக இருக்கிறதே என்று ஒருவர் கவலைப்பட்டார்.

ஏழுமலை நிலத்தின் மூலையில் ஒரு கொட்டாய் போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி ஜெயா, உஷ் சார் கேட்டுக்கொண்ட நேரத்தில் பம்ப்செட்டை நிறுத்தினார். மயில்கள் மட்டும் கட்டுப்படவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, பால்வீதி தலைக்கு மேல் வருகிற நேரம், திரையில் ஓடிய கோடு லேசாக முதுகைத் தூக்கியது. மேடு. உஷ் சார் கத்தவில்லை. கொட்டாயை விட்டு வெளியே வந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், கடலைச் செடிகளின் நடுவே ஓட ஆரம்பித்தார். ஜெயா சத்தம் போட்ட பிறகுதான் வரப்பில் ஏறி ஓடினார். பிறகு ஊரே வந்து அந்த மேட்டைப் பார்த்தது. நம்ம ஏரிக்கரை மாதிரி இருக்கிறது என்றார் ஏழுமலை. உஷ் சாருக்குக் கிடைத்த பாராட்டிலேயே அதுதான் பெரியது.

சில மாதங்கள் ராஜவாழ்க்கை. பிறகு ஒரு நாள் மத்தியானம், சென்னையில் நர்ஸிங் படிக்கிற மகளோடு பேசுவதற்காக ஏழுமலை புளியமரத்தில் ஏறினார். கிளை முறிந்தது. வலது கால் இருக்கக் கூடாத திசையில் திரும்பிக் கிடந்தது. ஜெயா கதறிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடினார். அங்கேயும் யாருடைய போனிலும் கோடு வராது.

உஷ் சார் டப்பாவைத் திறந்தார். வெள்ளிக் காகிதத்தைப் பிரித்தார். ஏழுமலை விழுந்த அதே மரத்தில், வேட்டியோடு, ஏற ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்று கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை. உச்சிக்குப் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். எந்த இடம் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. இவர் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்ல ஆரம்பித்தார். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமைசாலி. அதற்குள் இவர் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார் போல, அந்தப் பெண் கேட்டது கீழே என் காதிலும் விழுந்தது.

"சார், பக்கத்துல டீக்கடை ஏதாவது இருக்குங்களா?"

டீக்கடை இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஏழுமலையை ஏற்றி அனுப்பிய பிறகுதான், உஷ் சாருக்கு மரத்திலிருந்து இறங்கத் தெரியாது என்பது தெரியவந்தது. ஊர்க்காரர்கள் ஏணியும் கயிறும் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கும் வரையில் போனை வாயில் கவ்வியிருந்தார்.

வந்த திங்கட்கிழமை அவரோடு நானும் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். ஏழுமலை ஊருக்கு உடனே டவர் வேண்டும் என்று மனு. குமாஸ்தா மனுவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"டவரே வேணாம்னு வந்து நின்னவரு நீங்கதானே?"

"அது போன வருஷங்க" என்றார் உஷ் சார்.

வெளியே வந்ததும், டவர் வந்தால் உங்கள் மேடு அவ்வளவுதானே சார் என்று கேட்டேன்.

"பால்வீதி எங்கயும் போவாதும்மா. ஏழுமலைக்கு இருக்கறது ரெண்டு காலுதான்" என்றார்.

அந்த ஆபீஸ் படிகளை அவர் எத்தனை திங்கட்கிழமை ஏறினார் என்று நான் எண்ணவில்லை. டவர் வந்தது. திரையில் மேடு இருந்த இடத்தில் முட்புதர் மண்டிவிட்டது. ஏழுமலை கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், ஆனால் நடக்கிறார். உஷ் சார் ஓய்வு பெற்ற கையோடு கீழ்பென்னாத்தூரிலேயே வாடகைக்கு வீடு பிடித்தார். தினமும் கொட்டாய்க்குப் போய் அந்த முட்புதரை வெட்டுவதற்கு ஏதோ வடிகட்டி செய்கிறார். பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வேனில் வந்து பார்க்கிறார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவள் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். வியாழன் கிரகத்திலிருந்தும் ரேடியோ இரைச்சல் வருகிறதாம். அதை விளக்குவதற்கு முதலில் சூரியனிலிருந்து ஆரம்பித்தார். செவ்வாயைத் தாண்டுவதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.