சுள்ளியைக் கேட்டு வந்த யானை

ஒரு காட்டில் ராஜா இல்லை. பழைய ராஜா காலமான பிறகு அந்தப் பதவிக்கு யாரும் மனுப் போடவில்லை. கூடைப்பந்து அணி மட்டும் இருந்தது. ஓடைக்கரை அணி என்று பெயர். அதன் தலைவர் மாசிலாமணி என்கிற காட்டெருமை. ராஜா இல்லாத குறை தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

அணியில் ஐந்து பேர் ஆடினார்கள். அதில் பார்க்கும்படி ஆடியது ஒருத்திதான். சுள்ளி என்ற கருங்குரங்கு. ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். பந்து கைக்கு வந்த மறுநொடி அது கூடைக்குள் இருக்கும், அல்லது குழந்தைவேலு கையில் இருக்கும். குழந்தைவேலு ஒரு கரடி. கூடைக்கு நேர் கீழே நின்றுகொண்டு சுள்ளி கொடுக்கும் பந்தைப் போடுவது அவன் வேலை. அவனுக்கு வேறு எதுவும் தெரியாது, ஆனால் அதை ஒழுங்காகச் செய்தான்.

மூன்று வருஷம் ஆடியதில் இரண்டு கோப்பை வந்தது. கடைசிக் கோப்பையின்போது சுள்ளி வாலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாள். அவ்வளவு ஆடியும் அவளுக்குக் கொடுத்திருந்த வீடு ஓர் இலவ மரம். அடியிலிருந்து பாதி வரை முள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் களைத்துப் போய் வந்து, முள்ளுக்கு முள் இடம் பார்த்துக் கால் வைத்து ஏற வேண்டும்.

மழை முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. சுள்ளி தலைவரைப் பார்க்கப் போனாள். மாசிலாமணி ஓடையோரம் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, என் ஒப்பந்தம் முடிஞ்சுது."

"தெரியும் அம்மிணி. இனிமே நீ சுயேச்சை."

"அப்படின்னா எந்தக் காட்டுக்கு வேணும்னாலும் போகலாமா?"

"தாராளமா. ஆனா கட்டுப்பாடுள்ள சுயேச்சை."

"அது என்னங்க?"

"வேற காடு உன்னைக் கேட்டு வரலாம். என்னென்ன தருவோம்னு எழுதிக் குடுக்கலாம். அதையே நாங்களும் தர்றோம்னு சொல்லிட்டா நீ இங்கதான் இருக்கணும். எங்களால முடியலைன்னா நீ போயிக்கலாம்."

சுள்ளி அதை ஒரு வரியில் சுருக்கினாள். "அவுத்து விட்டுட்டு, கயித்தைக் கையில வச்சுக்கறீங்க."

"கூடைப்பந்துக் கழகத்தோட விதி அது. நானா எழுதினேன்?" என்றார் மாசிலாமணி. அவர் எழுதவில்லைதான். ஓட்டெடுப்பில் முதலில் கை தூக்கினவர் அவர்.

"எனக்கு வேற காடெல்லாம் வேண்டாங்க. ஓடையோரம் அந்தப் பலா மரம் சும்மாதானே நிக்குது? அதைக் குடுங்க, நான் இருந்துக்கறேன்."

மாசிலாமணி பலா மரத்தைப் பார்த்தார். அதில் யாரும் குடியில்லை. காய்த்து, பழுத்து, விழுந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒருத்தி கேட்டதும் அதன் மேல் அவருக்குத் திடீரென்று ஒரு பிரியம் வந்தது.

"அத்தனை பெறுவியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "வெளியில போய்க் கேட்டுட்டு வா. அவங்க என்ன சொல்றாங்களோ அதை நான் தர்றேன். என்னைக்காவது உன்னை விட்டுக் குடுத்திருக்கனா?"

சுள்ளி இலவ மரத்துக்குத் திரும்பி வந்து ஏறாமல் கீழேயே உட்கார்ந்திருந்தாள். மரம் கிடைக்காதது அவளுக்குப் பெரிதாக இல்லை. மூன்று வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர், தூரத்தில் இருக்கிறவர்களிடம் போய் விசாரித்துக்கொண்டு வா என்கிறாரே என்பதுதான் உறுத்தியது.

குழந்தைவேலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ போயிட்டா எனக்குப் பந்து யாரு குடுப்பாங்க?" என்றான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

மறுநாள் கோதண்டம் வந்தார். கோதண்டம் ஒரு கீரி. நிலம், கல்யாணம், ஆட்டக்காரர் எல்லாவற்றுக்கும் தரகர். இரண்டு போன் வைத்திருந்தார். ஒன்றில் பேசுவார், மற்றதில் யாரோ காத்திருப்பது போல வைத்துக்கொள்வார்.

"உன்னை யாரும் கேட்டு வர மாட்டாங்க கண்ணு," என்றார்.

"நான் நல்லாத்தானே ஆடறேன்?"

"அதனாலதான். ஒருத்தன் மெனக்கெட்டு வந்து, இவளுக்கு இத்தனை தர்றேன்னு எழுதிக் குடுப்பான். உங்க தலைவர் அதையே தர்றேன்னு சொல்லி உன்னை வச்சுக்குவார். கேட்டவனுக்கு நடந்த நடைதான் மிச்சம். அதனால உங்க தலைவரால தரவே முடியாத ஒண்ணை எழுதறவங்களைப் பாக்கணும்."

அவர் சுள்ளியை மேட்டுக்காட்டுக்குக் கூட்டிப் போனார். மேட்டுக்காட்டு அணி எல்லா வருஷமும் தோற்றது. அதன் தலைவி பெரியநாயகி அம்மாள் என்ற யானை. தோற்றவர்களையும் திட்டாதவர் என்று பெயர் எடுத்தவர்.

"உனக்கு என்ன வேணும் சாமி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை இதுவரை சுள்ளியிடம் யாரும் கேட்டதில்லை. "ஒரு பலா மரம்," என்றாள்.

"ஒண்ணா? இங்க ஒரு தோப்பே இருக்குதே. பிடிச்ச மரத்தை எடுத்துக்க."

கோதண்டம் செருமினார். "மரம் மட்டும்னா மாசிலாமணி குடுத்துருவாருங்க. அவர்கிட்டயும் மரம் இருக்கு."

பெரியநாயகி அம்மாள் காதை ஆட்டியபடி யோசித்தார். "எங்க பிள்ளைகளை நான் ஆடுகளத்துக்கு நடக்க விடறதில்லை. என் முதுகுல ஏத்திக்கிட்டுத்தான் போவேன். அதையும் எழுதிக்கலாமா?"

கோதண்டம் முதல்முறையாக இரண்டு போனையும் கீழே வைத்தார். "எழுதலாங்க," என்றார். "'ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அணித் தலைவர் ஆட்டக்காரரைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, பொதுமக்கள் முன்னிலையில் வர வேண்டும்.' 'பொதுமக்கள் முன்னிலையில்'ங்கறதை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கறேன்."

எழுதியது ஓடைக்கரைக்குப் போனது. பதில் சொல்ல மூன்று நாள் தவணை.

மாசிலாமணி முதல் வரியைப் படித்தார். பலா மரம். "இவ்வளவுதானா?" என்று சிரித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். அசை போடுவது நின்றது.

செய்தி வெளியே வந்துவிட்டது. மைனாக்கள் காலையில் "சுள்ளி போவது உறுதி, நம்பத்தகுந்த வட்டாரம் தகவல்" என்று கத்தின. மத்தியானம் "சுள்ளி இருப்பது உறுதி, அதே வட்டாரம் தகவல்" என்று கத்தின. மான்கள் கோப்பைதான் முக்கியம் என்றன. முயல்கள் கௌரவம்தான் முக்கியம் என்றன. முயல்களுக்கு என்ன கௌரவம் என்று மான்கள் கேட்க, அது ஒரு தனிச் சண்டையாகி ஓடியது.

இரண்டாம் நாள் மாசிலாமணி குழந்தைவேலுவைக் கூப்பிட்டார். "நீ என்னடா நினைக்கற?"

"ஏத்திக்குங்க தலைவரே. அவ எடை ஒண்ணும் இருக்காது."

"எடையா பிரச்சினை? பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"அவ போயிட்டா பாக்கறதுக்கு யாரும் வர மாட்டாங்க தலைவரே. நீங்க நிம்மதியா நடந்து போலாம்."

குழந்தைவேலு குத்திக்காட்டத் தெரியாதவன். உண்மையாகவே ஆறுதல் சொன்னான். மாசிலாமணிக்கு அன்று புல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம். இரண்டு காட்டுக்கும் நடுவில் ஓடும் ஓடையோரம் சுள்ளி உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் பெரியநாயகி அம்மாள் நின்றிருந்தார். தலைவர் முடியாது என்று சொல்லிவிட்டால் ஒரு தோப்பே கிடைக்கும். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் சருகு சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை மேட்டுக்காட்டுப் பக்கம் திரும்பவில்லை, வந்த வழிப் பக்கமே திரும்பியது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

மாசிலாமணி வந்தார். அவருக்குப் பின்னால் மொத்தக் காடும் வந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. சுள்ளி முன்னால் வந்து முன்னங்கால்களை மடக்கினார்.

"என்ன தலைவரே?"

"ஏறு."

"எல்லாரும் பாக்கறாங்களே."

"அப்படித்தானே எழுதியிருக்கு? ஏறு அம்மிணி, முட்டி வலிக்குது."

அவள் ஏறினாள். முயல்கள்கூடச் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சுள்ளி அவர் காதருகே குனிந்தாள்.

"தலைவரே, அன்னைக்கு 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மரம் இல்லாமலே இருந்திருப்பேன்."

"நீ கேட்டப்பவே மரத்தைக் குடுத்திருந்தா, நானும் இப்படி உன்னைச் சுமந்துட்டு நடந்திருக்க மாட்டேன்," என்றார் மாசிலாமணி. பிறகு சத்தத்தைத் தணித்து, "உன் அருமை எனக்கு முதல் வருஷமே தெரியும். வாய்விட்டுச் சொன்னா உனக்கும் தெரிஞ்சு போயிருமேன்னுதான் சொல்லலை," என்றார்.

சுள்ளிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கொம்பைப் பிடித்துக்கொண்டு பலா மரம் வரை வந்தாள்.

அக்கரையில் கோதண்டம் கையைப் பிசைந்தார். "கைநழுவிப் போச்சுங்களே அம்மா."

"போகட்டும்," என்றார் பெரியநாயகி அம்மாள். "மாசிலாமணி முட்டி போட்டதைப் பாத்துட்டேன். இந்த வருஷத்துக்கு அது போதும்."

அந்த வருஷம் ஓடைக்கரை அணி கோப்பை வாங்கவில்லை. ஆனால் கூட்டம் அலைமோதியது. காட்டெருமை மேல் குரங்கு வருவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். பார்த்துவிட்டு ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டார்கள். சுள்ளி பலா மரத்தில் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த மழைக்குக் குழந்தைவேலுவின் ஒப்பந்தம் முடிந்தது. அவன் தலைவர் முன்னால் போய் நின்றான்.

"எனக்குத் தேன்கூடு இருக்கற மரம் ஒண்ணு போதுங்க."

"வெளியில போய்க் கேட்டுட்டு வா," என்றார் மாசிலாமணி.

குழந்தைவேலு கேட்டுப் பார்த்தான். கூடைக்குக் கீழே நிற்கும் கரடி எல்லாக் காட்டிலும் ஒன்று இருந்தது. கோதண்டம் இரண்டு போனையும் எடுக்கவில்லை.

சுள்ளி தலைவரிடம் போனாள். "அவனை அனுப்பினா நானும் போயிருவேன்," என்றாள். இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் தலைவர் மனம் உருக வேண்டும்.

"உன் ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு அம்மிணி," என்றார் மாசிலாமணி. "இன்னைக்கு ஆட்டம் இருக்கு. ஏறு, நேரமாச்சு."

குழந்தைவேலு ரொம்ப நேரம் யோசித்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு யோசித்ததில்லை. பிறகு ஓடையைத் தாண்டி மேட்டுக்காட்டுக்குப் போனான்.

"உன்னை எடுத்துக்க இங்க இடம் இல்லையே சாமி," என்றார் பெரியநாயகி அம்மாள். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"எடுத்துக்க வேண்டாங்க அம்மா. ஒரு சாயங்காலம் எங்க பக்கமா காலாற நடந்து வாங்க. என் குகை வாசல்ல கொஞ்சம் நின்னுட்டுப் போங்க. எதுவும் பேச வேண்டாம்."

மறுநாள் அவர் வந்தார். குகை வாசலில் நின்றார். முதுகில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். குழந்தைவேலுவைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மிச்ச வேலையை மைனாக்கள் பார்த்துக்கொண்டன.

யானை ஓடையைத் தாண்டும் முன்பே மாசிலாமணி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தேன்மரம் ரெண்டு எடுத்துக்கடா. கூட இலுப்பை மரமும் எடுத்துக்க." சொல்லிக்கொண்டே முட்டி போட்டார். "ஏறு."

குழந்தைவேலு தயங்கினான். "நான் கனமா இருப்பேன் தலைவரே. அதோட, இப்படியெல்லாம் யாரும் எழுதிக் குடுக்கலையே?"

"எழுதிக் குடுக்கறதுக்குள்ள ஏறிக்க," என்றார் மாசிலாமணி.

இப்போது ஓடைக்கரைக் காட்டில் ஆட்டக்காரர், காவல்காரர், கணக்கெழுதுகிறவர் யாருக்கு ஒப்பந்தம் முடிந்தாலும் முதலில் ஓடையைத்தான் தாண்டுகிறார்கள். பெரியநாயகி அம்மாள் சாயங்காலம் யார் வாசல் பக்கம் நடக்கப் போகிறார் என்பதற்கு டோக்கன். வரிசை ஓடை வரை நிற்கிறது. டோக்கன் கிழித்துக் கொடுப்பவர் கோதண்டம்.

நீதி: விசுவாசமாக உழையுங்கள், உங்கள் அருமையை ஒருநாள் தலைவர் உணர்வார். அந்த நாளில் பக்கத்துக் காட்டு யானை உங்கள் வாசலில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.