மஞ்சள் பனியன் வந்து சேர்ந்தது

ஆரம்பாக்கத்தில் லோடு ஆட்டோ ஓட்டும் என் மச்சான் ஜெகதீஸ்வரனுக்கு, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து உன் அக்காவைக் கட்டிய கங்காதரன் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் உன் வண்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நான் நலம், உன் அக்கா லோகநாயகி நலம், படகு நலம். எங்கள் ஊர் கால்பந்து டீம் மட்டும் நலமில்லை.

மாமாவுக்கு எழுத எப்போது தெரிந்தது என்று நீ வண்டியை ஓரம் கட்டி யோசிப்பாய். ஜெபசெல்வி டீச்சர் சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார். மீன் காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில், அந்த வாசனையிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நிதானமாகத்தான் எழுத வருகிறது. மேலே இருக்கும் நாலு வரி முடிவதற்குள் அடுப்பில் வைத்த குழம்பு கொதித்து ஆறிவிட்டது. இருந்தாலும் இதைப் போனில் சொல்ல மாட்டேன். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் உன் அக்காவைக் கட்டும் முன்பே படித்திருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய உங்கள் டீம் மஞ்சள் பனியன் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மணலில் உங்கள் டீமுக்கும் எங்கள் டீமுக்கும் மேட்ச். அன்றைக்கு அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு உங்கள் பக்கம் வந்து உட்காரும்படி அழைத்திருக்கிறாய். நிழலுக்குப் பந்தல், சாய்வு நாற்காலி, மதியம் பிரியாணி என்று ஆசை காட்டியிருக்கிறாய். யோசித்துப் பார்த்தேன். வருகிறேன். இந்த டீமுக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏன் என்று நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மாமா பிரியாணிக்கு மாறிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லுவாய்.

நீ வலையை விட்டு வண்டிக்குப் போய் வெகுநாள் ஆனதால் எங்கள் பாடு முறை உனக்கு மறந்திருக்கும். ஊருக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று வீட்டுக்கு வீடு சீட்டுப் போட்டு முறை வைப்போம். இன்றைக்கு இந்த இடம் உன் பாடு என்றால் அதில் வேறு எவனும் வலை கட்டக் கூடாது, அதனால்தான் இத்தனை காலமாக ஏரியில் வெட்டுக் குத்து இல்லை. டீம் ஆரம்பித்தபோது எல்லா வீட்டுக்காரனும் என் பையன்தான் முன்னால் நின்று கோல் போடணும் என்று சண்டைக்கு வந்தான், கோல் காக்கிற கோலியாக நிற்க மட்டும் ஒருத்தனும் வரவில்லை, ஊர்த் தலைவர் பார்த்தார், ஏரிக்குச் சரியாக இருப்பது பந்துக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று சீட்டுப் போட்டுவிட்டார். அதிலிருந்து எந்த வீட்டுக்கு எந்த இடம் விழுகிறதோ அந்த வீட்டு ஆம்பளை போய் அங்கே நிற்பான், ஓட முடிகிறதோ இல்லையோ. மெக்கானிக் சுரேஷுக்குச் சீட்டில் கோல் விழுந்த அன்றைக்கு அவன் லுங்கியோடு வந்து நின்றான், பந்து வரும்போதெல்லாம் லுங்கியைத்தான் காப்பாற்றினான், கோலைக் காப்பாற்றவில்லை.

அது கூடப் பரவாயில்லை மச்சான். கருப்பன் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எதிர் டீம் பையன் பந்தைத் தள்ளிக்கொண்டு நேராக அவன் பக்கம் வருகிறான், இவன் காலை நீட்டினால் போதும், பந்து இவனுடையது. இவன் என்னமோ கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி மரியாதையாக ஒதுங்கி வழி விட்டான். பந்து உள்ளே போய்விட்டது. நான் மணலில் ஓடிப் போய் ஏன்டா விட்டே என்று கேட்டால், அவன் நிதானமாகச் சொல்கிறான்: "அது பிரகாஷ் பாடு நைனா. அதுல நான் கால் வெச்சா நாளைக்கு ஊர்ல இன்னா பேசுவாங்க?" பிரகாஷ் எங்கே என்று பார்த்தால் அவன் தண்ணி குடிக்கப் போயிருக்கிறான். கருப்பனைத் திட்டவும் வாய் வரவில்லை, ஏரியில் அவன் செய்தது நியாயம்.

அடுத்த மேட்ச்சில் முதல் தடவையாக நம்ம பசங்க நன்றாக ஆடினார்கள். எனக்குத் தொண்டை கட்டிப் போகிற அளவு கத்தினேன். அப்போது பார்த்துக் கடலில் பறவை கூட்டமாக இறங்கியது, தண்ணி நிறம் மாறியது, கானாங்கெளுத்தி மேலே வந்துவிட்டது. முதலில் சுரேஷ் ஓடினான், அப்புறம் கருப்பன், அப்புறம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள், கொடி பிடிக்க நின்றவனும் நம்ம ஊர் ஆளாச்சே, அவனும் கொடியோடு படகில் ஏறிட்டான். வெளியூர் ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு சுனாமியா சார் என்று என்னைக் கேட்டார். இல்லீங்க, மீனுங்க என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்கு நல்ல மீன், மேட்ச் போச்சு.

வீட்டுக்கு வந்தால் உன் அக்கா இருக்கிறாள். தாலி கட்டி இத்தனை வருஷம் ஆகியும் அவள் ஆரம்பாக்கம் கட்சிதான். "எங்க ஊரு பசங்க பந்தைத் துரத்துறாங்க, உங்க ஊரு பசங்க பந்துக்கு வழி வுடுறாங்க" என்று சோறு போடும்போது சொல்கிறாள். அந்தச் சோறு எப்படி இறங்கும், நீயே சொல்லு.

இத்தனைக்கும் பிறகு ஏன் இவ்வளவு நாள் கூடவே போனேன் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. போட்டி தொடங்கியபோது டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். லைட்ஹவுஸ் குப்பம் என்று வந்தது. பக்கத்தில் டீச்சர் இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை. நானாக வாசித்த முதல் பெயர் என் ஊர்ப் பெயர். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது, நான் மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் பிரகாஷ் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கரியால் பூஜ்யம் போட்டான். பூஜ்யம் எனக்கு முன்பே தெரியும்.

இப்போது ஊர்க்கூட்டத்தில் தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உங்களிடமும் தோற்றால் டீமைக் கலைத்துவிடுவது, கோல் போஸ்ட்டாக நட்ட சவுக்குக் கழிகளைப் பிடுங்கி வலை காயப்போடக் கொடுத்துவிடுவது. வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கழிகளைப் பார்க்காமல் வந்தேன். அவற்றைப் பிடுங்கும்போது எங்கள் பக்கம் நின்று பார்க்க என்னால் ஆகாது. உன் பந்தல் நிழலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிரியாணி சாப்பிடுவதுதான் எனக்கு நல்லது. ஆகையால் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. இது என் முடிந்த முடிவு, இதில் மாற்றம் இல்லை.

உன் பெண் சுபஸ்ரீக்கு என் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கச் சொல், சின்ன வயதிலேயே படித்தால் கை இவ்வளவு வலிக்காது. உன் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் விழுந்து கும்பிட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா
கங்காதரன்
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது பிரகாஷ் வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குச் சீட்டுப் போட்டாகிவிட்டதாம், கோல் எங்கள் வீட்டுக்கு விழுந்திருக்கிறதாம். மகன் ஹேமந்த் மங்களூர்ப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் மிச்சம் இருக்கிற ஆம்பளை நான்தான். வந்த பாட்டை வேண்டாம் என்று சொன்ன வீடு எங்கள் ஊரில் கிடையாது. உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, நண்டை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏரின்னு நெனச்சு ஆடுறீங்க, அதான் தோக்குறீங்க. கடல்ல ஏது பாடு? மீன் போற பக்கம்தானே போவீங்க?" நான் அப்படியே தலைவர் வீட்டுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானம் ஏரி இல்லை, கடல் என்று முடிவாகிவிட்டது. சொன்னது உன் கூடப் பிறந்தவள், என்னைக் கோபித்துக்கொள்ளாதே. நாற்காலியில் அவள் உட்காருவாள், பிரியாணியை அவளிடம் கொடு.

கோலி தன் டீமில் மற்றவர்கள் போடாத நிறத்தில் பனியன் போட வேண்டுமாம். எங்கள் டீமுக்கு நீலம், என் வீட்டில் நீலம் இல்லாத பனியன் நீ அனுப்பியது ஒன்றுதான். படகுக்கு அடித்து மீந்த பெயிண்ட் எடுத்து அதில் ஊர்ப் பெயரை நானே எழுதிவிட்டேன். லைட்ஹவுஸ் என்று எழுதுவதற்குள் முதுகு முடிந்துவிட்டது, குப்பம் வயிற்றில் இருக்கிறது. மஞ்சள் பனியனோடு நிற்கிறாயே, நீ எந்த ஊர் என்று ரெஃப்ரி கேட்டால், என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாசிக்கச் சொல்லுவேன்.