லாரியில் வந்த ஆபரேஷன் தியேட்டர்

ஆனையூர், மதுரை.
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை முத்துக்குமரனுக்கு மச்சான் நல்லகாமன் எழுதிக்கொள்வது.

திருப்பூரில் நீயும் பாண்டீஸ்வரியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் சுகமே என்று அடுத்த வரியை எழுதிவிடுவது என் பழக்கம். இந்தத் தடவை பேனா ஓடவில்லை. இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா பாண்டியம்மாள் அடுப்படியில் நின்றபடியே இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுவிடுகிறாள். விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ புறப்பட்டு வந்து, அவளிடம் பக்குவமாகப் பேசி, எங்கள் தெரு ஆஸ்பத்திரியில் அவள் ஆபரேஷன் செய்துகொள்வதைத் தடுக்க வேண்டும். என்ன ஆபரேஷன், எப்போதிருந்து என்று பதறாதே. கட்டின புருஷன் எனக்கே போன மாதம் நடுத்தெருவில் வைத்துத்தான் தெரிந்தது.

எங்கள் தெரு முனையில் டாக்டர் ராதாமணி அம்மா ஆஸ்பத்திரி நடத்துவது உனக்குத் தெரியும். உன் மூத்த பிள்ளை பிறந்ததே அங்குதான். அந்தப் பழைய ஆபரேஷன் தியேட்டரில் போன மழைக்குச் சுவரெல்லாம் ஓதம் ஏறி, மேலே ஒழுகவும் ஆரம்பித்ததால், அந்த அம்மாவே அதைப் பூட்டிவிட்டார். சரி, கொத்தனார் வருவார், செங்கல் வரும், சிமெண்ட் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹரிஷ்குமார் என்று ஒரு இன்ஜினியர் தம்பிதான் வந்தார். ரொம்ப மரியாதையான பிள்ளை. "ரூமை பேக்டரியிலயே செஞ்சிருவோம் சார். சுவரு, கூரை, லைட்டு, ஏசி எல்லாம் அங்கயே மாட்டி லாரியில கொண்டு வந்து இறக்கி, போல்ட்டு போட்டு முடுக்கிருவோம்" என்றார். பத்திரப்பதிவு ஆபீசில் காலம் தள்ளியவன் நான். பீரோவை லாரியில் கொண்டுவருவார்கள், கட்டில் வரும், கட்டடம் எப்படி வரும்? "தம்பி, இது அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?" என்று கேட்டேன். அவர், "வர்ற வரைக்கும் அசையும் சார், வந்தப்புறம் அசையாது" என்றார். அதில் குற்றம் சொல்ல எதுவும் அகப்படாததால் அந்தத் தம்பியையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

அந்த லாரி வந்த அன்னைக்கு நீ பார்த்திருக்கணும் மாப்ள. லாரியா அது, ரயில் பெட்டி மாதிரி நீளம், மேல பிளாஸ்டிக் தாள் சுத்துன ஒரு முழு ரூம்பு. கூடவே ஒரு கிரேன். நம்ம வீட்டு முக்குக்கு வந்து திரும்பும்போது முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல, ஸ்கூல் வேன் நிக்கிது, தண்ணி லாரி நிக்கிது, தண்ணி லாரிக்காரன் எல்லாரையும் விட சத்தமா ஹாரன் அடிக்கிறான், கடைசில ஹரிஷ்குமார் எங்கிட்ட வந்து, "சார், உங்க காம்பவுண்டு சுவத்துல மூலைய மட்டும் எடுத்துட்டா வண்டி திரும்பிரும், சாயங்காலமே கட்டித் தந்துருவோம்"னு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு வந்துச்சே கோவம். ஆஸ்பத்திரிக்குச் சுவரு வேணும்னா எஞ்சுவத்தையா இடிக்கிறதுன்னு பிளாஸ்டிக் நாற்காலியத் தூக்கிக்கிட்டுப் போயி லாரிக்கு முன்னால போட்டு உக்காந்துட்டேன். தெருவே கூடிருச்சு. எனக்கும் கூட்டத்தப் பாத்ததும் குரல் ஏறிருச்சு.

அப்பத்தான் உங்க அக்கா மாவுக் கையோட வெளிய வந்தா.

"என்னங்க, எந்திரிங்க."

"நீ உள்ள போ. இது எல்லைத் தகராறு."

"எந்திரிங்கன்னா. எனக்குக் கர்ப்பப்பையில கட்டி இருக்கு, எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. இந்த ரூம்பு உள்ள போனாத்தான் எனக்கு ஆபரேஷன்."

டிரைவரு எஞ்சினை அமத்திட்டாரு மாப்ள. தண்ணி லாரிக்காரன் கூட ஹாரனை விட்டுட்டான்.

"எப்ப இருந்து?"ன்னேன்.

"தீபாவளிக்கு முந்தியே. மாத்திரையில ஓட்டிக்கிட்டு இருக்கேன். டவுனுக்குப் போங்கன்னு அவுக சொன்னாக, நாந்தேன் போகல. எனக்கு அவுக கைதான் வேணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க படுத்துருவீக. உங்களையும் நாந்தேன் பாக்கணும்."

அதுக்கு மேல நாற்காலியில எப்படி உக்காருறது? நானே ஹரிஷ்குமாரைக் கூப்பிட்டு, "இடிங்க தம்பி"ன்னேன். சுவரு விழுந்துச்சு, வண்டி திரும்புச்சு, அங்க போயி கிரேன் அந்த ரூம்ப அப்படியே அந்தரத்துல தூக்குச்சு. ஊரே செல்போன்ல படம் புடிக்கிது. அவ படுக்கப் போற ரூம்பு கம்பியில தொங்கி ஆடுது மாப்ள. அவ என்னடான்னா எம்பக்கத்துல நின்னுக்கிட்டு, "எம்புட்டு அலுங்காம இறக்குறாக பாருங்க"ங்கிறா.

பெறகு டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு உள்ள காட்டுனாக. செருப்பக் கழட்டிட்டு, தலையில ஒரு குல்லா மாட்டிக்கிட்டுப் போனேன். சுவத்துக்கு மூலையே இல்ல, எல்லாம் உருட்டா இருக்கு, அழுக்கு தங்கக் கூடாதாம். காத்து மேல இருந்து நேரா படுத்திருக்கவுக மேல எறங்கிப் பக்கவாட்டுல வெளிய போயிருமாம். நான் சுவத்தத் தட்டிப் பாத்தேன், தகரம் மாதிரி சத்தம் வந்துச்சு. "செங்கல் இல்லாம நிக்குமா அம்மா?"ன்னேன். "செங்கல் சுவருதான் சார் எனக்கு ஒழுகுச்சு"ன்னாக. அவுககிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்கு. நானும் தலைய ஆட்டிட்டுத்தான் வந்தேன். ஆனா வீட்டுக்கு வந்து உக்காந்தா அந்த ரூம்பு ஆடுனதுதான் கண்ணுல நிக்கிது. நம்ம இடத்துக்கு வடக்கே யார் சுவரு, கிழக்கே யார் சுவருன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். மத்தியானமெல்லாம் அவ ஏன் சுருண்டு படுத்துக்கிறான்னு ஒரு நாள் கேக்கத் தோணல. இப்பக் கேட்டு, இப்பவே அவளத் தொலைச்சுருவமோன்னு பயமா இருக்கு மாப்ள. அம்புட்டுதேன்.

ஆகவே, அடுத்த வாரம் குறித்திருக்கும் ஆபரேஷனை நிறுத்தி, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி எதற்காவது அவளை அழைத்துப்போக நீ உதவ வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள், தம்பி சொன்னால் கேட்பாள். பிள்ளைகள் படிப்பும் உடம்பும் மென்மேலும் சிறக்க என் ஆசீர்வாதம். பாண்டீஸ்வரியிடம் நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
நல்லகாமன்

பின்குறிப்பு: இதை எழுதித் தபாலில் போட மனசில்லாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். உங்க அக்கா துவைக்க எடுத்தவ படிச்சிட்டா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி தேதிய முன்னாடி மாத்திட்டு வந்துட்டா. நேத்து அதே தியேட்டர்ல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, கட்டிய எடுத்தாச்சு, கஞ்சி குடிச்சா, நல்லாருக்கா. மயக்கம் தெளியும்போது எங்கையப் புடிச்சுக்கிட்டு, "தம்பிக்கு ஹெர்னியா இருக்கு, பாண்டீஸ்வரிக்குக் கூடத் தெரியாது, நீங்களும் யார்கிட்டயும் சொல்லிராதீக"ன்னு உளறிட்டா. நான் யார்கிட்டயும் சொல்லல. பாண்டீஸ்வரிக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பேச்செல்லாம் வேணாம். புதன்கிழமை அந்தத் தியேட்டருக்கு சர்ஜன் வாராரு, உம்பேரு குடுத்தாச்சு. வெறும் வயித்தோட வந்து சேரு.