துண்டு பாயும் நான் பூட்டிய ஃபோல்டரும்

கம்ப்யூட்டரை ஒரு விரலால்கூடத் தொடாமல் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் பாபநாசம் துண்டு பாய் மட்டும்தான். அமெரிக்காவில் அப்படி இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படியே இருந்தாலும் அவர் பாயிடம் கற்றுக்கொண்டு போனவராகத்தான் இருப்பார்.

பாய் பல வருடம் வளைகுடாவில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், பம்ப்செட் சாமான் விற்கும் தம்பியின் கடைக்குள் அவருக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. போர்டு கிடையாது. பிரிண்டர் ஓடவில்லை என்று போனால், "அதுக்கெல்லாம் தஞ்சாவூர் போங்க" என்று அனுப்பிவிடுவார். அவர் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வியாதியைத்தான். பாஸ்வேர்டு மறந்த வியாதி.

"பாஸ்வேர்டு மிஷின்ல இல்ல சார், ஆளுக்குள்ள இருக்கு. அப்ப ஆளத்தான ரிப்பேர் பண்ணணும்?" என்பார்.

ரிப்பேர் எப்படி என்றால், பாஸ்வேர்டு போட்ட நாளை அப்படியே திரும்ப நடத்திக் காட்ட வேண்டும். அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்களோ அதில் உட்கார வேண்டும். அன்று வீட்டில் வத்தக்குழம்பு என்றால் இன்றும் வத்தக்குழம்பு. பாய் அதில் ஒரு பிடி பிடித்துவிட்டு, விசாரணையை ஆரம்பிப்பார். கடைசியில் நீங்கள் பாஸ்வேர்டை அடிக்கும்போது, தோளில் கிடக்கும் பச்சைக் கட்டம் போட்ட துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அடுத்த வீட்டுச் சாவியைக் கண்ணால் பார்ப்பதும் பாவம் என்பது அவர் கட்சி. துண்டு பாய் என்று பெயர் வந்தது அதனால்தான்.

ரைஸ் மில் முதலாளி ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் திறக்க முடியாமல் மூன்று நாள் மில்லுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். பாய் விசாரித்ததில், பாஸ்வேர்டு போட்ட அன்று அவர் மூட்டை தூக்குகிறவரோடு பெரிய சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார் என்று தெரிந்தது. அவ்வளவுதான், அந்த ஆளையே கூப்பிட்டு நிறுத்தினார்.

"அன்னிக்கு என்ன சண்டையோ, அத மறுபடி போடுங்க" என்றார் பாய்.

இருவரும் முதலில் வெட்கப்பட்டார்கள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்து, ஐந்தாவது நிமிஷத்தில் நிஜமாகவே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. பத்திரிகையில் எழுத முடியாத வார்த்தை. அதுதான் பாஸ்வேர்டு. பாய் அன்றைக்குத் துண்டைக் கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் சேர்த்துச் சுற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இன்னொரு வீட்டில் அப்பா கால் உடைந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகன் வந்து அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்து தரச் சொன்னார். பாய் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "மகன் திறக்கணுங்கிறார், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பாய் அடுத்த பஸ்ஸில் திரும்பிவந்து மகனிடம், "வேணாங்கிறார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நான் தாலுகா ஆபீசில் ரிக்கார்டு ரூம் பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கிராமத்துக் கட்டு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் திமிரில்தான், சர்வீசில் இருந்தபோது ஒருநாள், வீட்டுக் கம்ப்யூட்டரில் குடும்பப் படங்கள் இருந்த ஃபோல்டரைப் பூட்டினேன். ஆபீசில் அன்று தகவல் பாதுகாப்பு பற்றி ஒரு வகுப்பு எடுத்திருந்தார்கள். பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைப்பதெல்லாம் ஞாபகசக்தி இல்லாதவர்கள் செய்யும் வேலை இல்லையா?

பல வருடம் அதைத் திறக்கவே இல்லை. மகள் தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தத்துக்கு எட்டே நாள் இருக்கும்போது அவள் வந்து நின்றாள்.

"அப்பா, தாத்தா என்னத் தூக்கி வச்சிக்கிட்டுப் பேசுற வீடியோ இருக்குல்ல? அத மண்டபத்துல போடணும்ப்பா. தாத்தா என் கல்யாணத்துல பேசுன மாதிரி இருக்கும்."

தாத்தா என்றால் என் மாமனார். திருக்காட்டுப்பள்ளியில் விவசாயம் பார்த்தவர். தவறிப்போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வீடியோவில்தான். அதில் பேத்தியின் கல்யாணத்தைப் பற்றியும் ஏதோ சொல்வார். என்ன சொன்னார் என்பது எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஃபோல்டரைச் சொடுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது. பக்கத்தில், நானே எழுதி வைத்திருந்த குறிப்பு வந்தது: 'மறக்க முடியாத நாள்.' பத்துத் தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது.

மறக்க முடியாத அந்த நாளைச் சுத்தமாக மறந்திருந்தேன். வேலையில் சேர்ந்த நாளைப் போட்டேன். இல்லை. பிரமோஷன் வந்த நாள், மேட்டூர் அணை திறக்கும் நாள், வீடு கிரகப்பிரவேசம், என் பிறந்த நாள், ஸ்கூட்டர் வாங்கிய நாள். எதுவும் இல்லை. ஏழாவதாக மகள் பிறந்த நாள். எட்டாவதாக எங்கள் கல்யாண நாள். அதுவும் இல்லை.

என் மனைவி சாந்தா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது இதுதான்:

"ஸ்கூட்டர் ஆறாவது. நான் எட்டாவது. அப்பவும் நான் இல்ல."

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. காபி வந்தது, ஆனால் சர்க்கரை வரவில்லை. அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில், வேலையெல்லாம் போட்டுவிட்டு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சென்னையில் இருக்கும் அண்ணன் மகனுக்கு போன் போட்டேன். "ஃபார்மட் பண்ணிடுங்க சித்தப்பா, புதுசு மாதிரி ஆயிடும்" என்றான். வைத்துவிட்டு நேராக ரயில்வே கேட்டுக்கு நடந்தேன்.

பாய் அன்று மத்தியானமே மொபெட்டில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் எத்தன வாய்ப்பு இருக்கு?"

"ரெண்டு."

"அடப்பாவமே, எட்ட ஏன் சார் வீணாக்குனீங்க? மொதல்லயே வரக் கூடாதா?" என்றார். சாந்தா பக்கம் திரும்பி, "அக்கா, அன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

சாந்தாவுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை. உத்தேசமாக முருங்கைக்காய் சாம்பார் என்று முடிவாகி, அவள் அடுப்பில் வைத்தாள். நான் அந்தக் காலத்துக் கைவைத்த பனியனைத் தேடிப் போட்டுக்கொண்டேன். வயிறு அதற்குள் அடங்கவில்லை. பாய் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினார்.

"கண்ண மூடிக்கிட்டு, யோசிக்காம கைய விடுங்க. கைக்கு ஞாபகம் இருக்கும்."

கண்ணை மூடினேன். கையை விட்டேன். கைக்கு ஞாபகம் இருந்தது உண்மைதான். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை அடித்துவிட்டது. திரையில், 'இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.'

அடுப்படியில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

பாய் துண்டை எடுத்துவிட்டு என்னை விட்டார், சாந்தாவைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, சமையல விடுங்க. அன்னிக்கு சார் எப்படி இருந்தாரு?"

"அது ஜமாபந்தி சமயம் பாய். வருஷக் கணக்கு தணிக்கை. அந்த மாசம் பூரா இவர் மனுஷனாவே இருக்க மாட்டார். தூக்கத்துல கூட அடங்கல், சிட்டான்னுதான் முனகுவார். தேனு ஸ்கூலுக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடுத்தார் பாருங்க, டீச்சர் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன்?"

"தேதியில வருஷத்துக்குப் பதிலா பசலி போட்டிருந்தார்."

பாய் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். வருவாய்த் துறையில் நிலக் கணக்கெல்லாம் பசலி ஆண்டில்தான். ஊர் உலகத்தின் வருடத்திலிருந்து ஐந்நூற்றுத் தொண்ணூறு குறைவாக, ஜூலையில் பிறக்கும் ஆண்டு அது. ஒரு மாதம் இடைவிடாமல் அதையே எழுதிய கை, வீட்டுக்கு வந்து மட்டும் வேறு மாதிரி எழுதுமா?

"நாள் சரிதான் சார். வருஷந்தான் தப்பு" என்றார் பாய். "ஆனா எந்த நாளு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். இருப்பது ஒரே வாய்ப்பு. நான் போட்டுப் பார்த்த எட்டு நாட்களில் எது? மகள் பிறந்த நாளாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. சொல்லவும் சொன்னேன். பாய் மறுபடி துண்டுக்குள் போய்விட்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா அப்பாவோட குரல் சார். அக்கா சொல்லட்டும்."

சாந்தா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"கல்யாண நாளப் போடுங்க. அதுவா இல்லேன்னா, எல்லாமே அதோட போகட்டும்."

ஆவணி மாதத்துத் தேதியை அடித்தேன். பசலியை விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, அடித்தேன். என்டரை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்துகொண்டது.

வீடியோவில் மாமனார் வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். இடுப்பில் தேன்மொழி. படம் பிடிக்கும் என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

"மாப்ள, அந்தப் பொட்டிய வச்சிட்டு வந்து பிள்ளையப் பிடிங்க, காலு வழுக்குது! ஏ குட்டி, உன் கல்யாணத்துக்கு நான் இருக்கனோ இல்லியோ, ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. நகை நட்டு எதையும் உங்கப்பாகிட்ட மட்டும் குடுத்து வைக்காத. பத்திரமா வைக்கிறேன்னு வச்சிட்டு, வச்ச எடத்த மறந்துருவாரு!"

சாந்தா அழுதுகொண்டே சிரித்தாள். தேன்மொழி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் மாமனார் சொன்னதற்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று கடைசிவரை எனக்கு முடிவு தெரியவில்லை. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது சுவர் ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. சாம்பாரை ருசிகூடப் பார்க்காமல் பாய் கிளம்பிப் போயிருந்தார்.

முகூர்த்தத்துக்குச் சாந்தாவே அவர் கடைக்குப் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தாள். மண்டபத்தில் அவரைக் கையோடு அழைத்து வந்து, முன்வரிசையில் தன் அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் உட்கார வைத்தாள். பெரிய திரையில் மாமனார் தோன்றி என்னைத் திட்டினார். மண்டபமே சிரித்தது. சம்பந்தி வீட்டார் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. அதுவரை துண்டுக்குள்ளிருந்து குரலை மட்டுமே கேட்டிருந்த மனிதரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும், பின்னால் நின்றிருந்த என் பக்கம் சாய்ந்தார்.

"இவருதானா சார் அது? பேசிப் பழகியிருக்கணும் சார், இந்த மாதிரி ஆளோட."

"நீங்க ரெண்டு பேரும் ஒன்னா உக்காந்திருந்தா எங்க வீட்ல எனக்கு மரியாதைன்னே ஒன்னு இருந்திருக்காது பாய்" என்றேன்.

அவர்கள் இருவரையும் ஒரே பந்தியில் பார்ப்பதற்கு, அந்த மரியாதையை நான் சந்தோஷமாகவே விட்டுக்கொடுத்திருப்பேன்.